அக்ஃபா ஐசோலெட்: வீட்டில் கிடந்த மடக்கு கேமராவில் எதை நம்பலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்

வீட்டுப் பெரியவர்கள் விட்டுச் சென்ற பொருட்களில் மடக்கு கேமரா ஒன்று இருந்தால், அது அக்ஃபா ஐசோலெட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜெர்மனியின் மியூனிக் ஆலையில் 1950-களில் பெருமளவில் செய்யப்பட்ட வரிசை இது. அமெரிக்காவில் அன்ஸ்கோ ஸ்பீடெக்ஸ் என்ற பெயரில் விற்றதும் இதே கேமராதான். 120 ரோல் ஃபிலிமில் 6×6 செ.மீ. அளவுப் படங்கள் 12 கிடைக்கும். மடக்கினால் கோட்டுப் பைக்குள் அடங்கும். நெகடிவ் 56×56 மி.மீ., அதாவது 35 மி.மீ. நெகடிவைவிடச் சுமார் மூன்றரை மடங்கு பரப்பு. 120 ஃபிலிம் இன்றும் தயாராகிறது. எனவே இதை ஷோகேஸில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐசோலெட்டின் லென்ஸ் நல்லது, உலோக உடல் உறுதியானது, ஷட்டர் பெரும்பாலும் மீட்கக்கூடியது. அக்ஃபா சிக்கனம் பிடித்தது இரண்டே இடங்களில்: ஃபோகஸ் மரையில் தடவிய கிரீஸ், துருத்திக்கு, அதாவது லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புக் கூட்டுக்குப் போட்ட துணி. இந்த இரண்டையும் கவனிக்காமல் “வேலை செய்கிறது” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஷட்டர் டிக் என்று அடிப்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருப்பார்கள்.

பின்கதவைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பின்னால் இருக்கும் சிவப்புச் சாளரத்தில் எண்ணோ அம்புக்குறியோ காகிதத்தின் நிறமோ தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அதில் வேறெங்கும் இல்லாத குடும்பப் படங்கள் இருக்கலாம். கதவைத் திறக்காமல், சுற்றும் குமிழை மெதுவாக, அது தடையின்றி ஓடும் வரை சுற்றுங்கள். பிறகு முழு இருட்டில் ரோலை எடுத்து, தளராமல் இறுக்கிப் பிடித்து நாடா ஒட்டி, ஒளி புகாத உறையில் போட்டுவிடுங்கள். காகிதம் வறண்டிருக்கும், வேகமாகச் சுற்றினால் கிழியும். பழைய ஃபிலிமைக் கழுவுவதில் அனுபவமுள்ள லேபுக்கே அதைக் கொடுக்க வேண்டும். கலர் ஃபிலிமாக இருந்தாலும் கறுப்பு வெள்ளை முறையில் கழுவினால்தான் உருவம் மீளும் வாய்ப்பு அதிகம். சுற்றி முடித்த ரோல் இருந்த காலி ஸ்பூலைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ரோலை ஏற்ற அது தேவை.

மாடல்களைப் பற்றி. ஐசோலெட் I எளியது. ஐசோலெட் II-இல் ஃபிலிமைச் சுற்றாமல் இரண்டாம் முறை அழுத்த முடியாதபடி பூட்டு உண்டு. ஐசோலெட் III-இல் கூடுதலாக ரேஞ்ச்ஃபைண்டர், ஆனால் அது லென்ஸோடு இணைந்ததல்ல. தூரத்தை அதில் படித்து, லென்ஸ் வளையத்தில் நாமே வைக்க வேண்டும். லென்ஸ்களில் அக்னார், அப்போட்டார் இரண்டும் மூன்று கண்ணாடிகள் கொண்டவை, 85 மி.மீ., எஃப் 4.5 (எஃப் எண் குறையக் குறைய, ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சர் அகலும்). சோலினார் நான்கு கண்ணாடி கொண்ட டெஸ்ஸார் வகை (பெயர்பெற்ற ட்ஸைஸ் லென்ஸ் வடிவமைப்பு), பெரும்பாலும் 75 மி.மீ., எஃப் 3.5. திறந்த அபெர்ச்சரில் ஓரங்கள் வரை கூர்மை வேண்டும் என்றால் சோலினார்தான். எஃப் 11-க்கு மூடிவிட்டால் அப்போட்டாரும் ஏறத்தாழ அதற்கு இணையாக நிற்கும். அக்னாரைத் திறந்து வைத்து எடுத்தால் மூலைகள் கரையும், எஃப் 8-க்குக் கீழே எண்ணைக் குறைக்காமல் பயன்படுத்துவது நல்லது.

இனி முதல் நோய். ஐசோலெட்டைக் கையில் எடுத்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அசையாது. அக்ஃபா போட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் வற்றிப்போய், மிஞ்சியது பச்சைப் பிசினாக இறுகியிருக்கும். இங்கேதான் பல கேமராக்கள் கெடுகின்றன. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் வளையம் சுற்றுவது போலவே தோன்றும். உண்மையில் முன் கண்ணாடிக்கூடு தனியாகச் சுழல்வதில்லை. அது நடுக் கண்ணாடிக்கூட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், இரண்டும் சேர்ந்து ஷட்டரிலிருந்து கழன்று வெளியே வருகின்றன. அளவுகோல் முடிவிலி (மிகத் தொலைவு) என்று காட்டும், படம் மட்டும் எந்தத் தூரத்திலும் மங்கலாக வரும். “லென்ஸ் போய்விட்டது” என்று ஒதுக்கப்பட்ட ஐசோலெட்டுகளில் நிறைய இந்த ரகம்தான்.

பிரிக்கும் வழி இது. ஃபோகஸ் வளையத்தின் பக்கவாட்டில் மூன்று சிறு திருகுகள் இருக்கும். 1.2 அல்லது 1.5 மி.மீ. அகலத் தட்டை முனைத் திருப்புளியால் அவற்றைத் தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டாம். தரையில் விழுந்தால் கிடைக்காத அளவு சிறியவை அவை. வளையத்தை மேலே தூக்கி எடுங்கள். பிறகு முன், நடுக் கூடுகள் இரண்டையும் சேர்த்தே கடிகார எதிர்த்திசையில் திருப்பி ஷட்டரிலிருந்து எடுத்துவிடலாம். கேமராவில் இருக்கும்போதே கரைப்பான் ஊற்றும் குறுக்குவழி வேண்டாம். அது கரைத்த கிரீஸ் நேராக ஷட்டர் இதழ்களில்தான் போய் இறங்கும்.

வெளியே எடுத்த ஜோடியின் மரை விளிம்பில் அசிட்டோனை ஊசிமுனையால் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், ஓர் இரவு ஊற வையுங்கள். அந்த இரு கூடுகளிலும் ஒற்றைக் கண்ணாடிகளே இருப்பதால் ஒட்டுப்பசை கரையும் பயம் இல்லை. ஆனால் லென்ஸின் பெயர் பொறித்த வளையத்தில் உள்ள பெயின்ட்டை அசிட்டோன் தின்றுவிடும். அதனால்தான் முழுதாக மூழ்கடிக்காமல் சொட்டு விடச் சொல்கிறோம். சோலினாரின் பின் கூட்டில் இரண்டு கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, அதன் பக்கம் அசிட்டோன் போகவே கூடாது. கரைப்பான் முழுதும் ஆவியான பிறகு, காற்றோட்டமான இடத்தில், ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கி, இரு பக்கமும் ரப்பர் துண்டால் பிடித்துத் திருப்புங்கள். அசைந்தால் சரி. அசையாவிட்டால் மறுபடி சொட்டு, மறுபடி ஊறல், மறுபடி சூடு. நாலைந்து சுற்று ஆவது சாதாரணம். இடுக்கியால் நேரடியாகப் பிடித்தால் மெல்லிய பித்தளைக் கூடு நீள்வட்டமாகும், அதன் பிறகு அந்த மரை ஒருபோதும் சரியாக ஓடாது. பொறுமை மட்டுமே இங்கே கருவி.

கழன்று வரும் அந்தக் கணத்தில் இரு கூடுகளின் நிலையையும் ஒரு கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மரைக்குப் பல தொடக்கங்கள் இருந்தால், தவறான தொடக்கத்தில் மாட்டியதும் முடிவிலி எட்டாமல் போகும். மரைகளை லைட்டர் ஃப்ளூயிட்டால் தேய்த்துப் பித்தளை பளபளக்கும் வரை துடைத்து, ஹெலிகாய்டு கிரீஸ் (லென்ஸ் மரைக்கான கிரீஸ்) குண்டூசித் தலை அளவு மட்டும் தடவுங்கள். வாசலினும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அவை ஓடிப் பரவி ஆறே மாதத்தில் ஷட்டரை ஒட்டவைக்கும்.

முடிவிலியை அமைப்பது அடுத்த வேலை. நடுக் கூட்டை ஷட்டருக்குள் இறுதிவரை இறுக்குங்கள், அது நகரக்கூடாதது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் தண்டவாளங்கள் மேல் ஒரு உறைபனிக் கண்ணாடித் துண்டை, சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கியபடி, தட்டையாக வையுங்கள். ஷட்டரை ‘பி’-யில் (அழுத்திப் பிடித்திருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்துப் பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் திறந்து பிடியுங்கள். அபெர்ச்சர் முழுதும் திறந்திருக்கட்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரம் அல்லது மின்கம்பத்தை லூப் எனும் உருப்பெருக்கி வழியே பார்த்து, முன் கூட்டைத் திருப்பிக் கூர்மையாக்குங்கள். அந்த நிலையில் வளையத்தின் முடிவிலிக் குறியை நிறுத்தத்தோடு பொருத்தி, மூன்று திருகுகளையும் சமமாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

இதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. டிஜிட்டல் எஸ்எல்ஆரில் 135 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸை மாட்டி, லைவ் வியூவில் தொலைதூரப் பொருளை வைத்து ஃபோகஸைப் பூட்டுங்கள். லென்ஸில் அச்சிட்ட முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். ஐசோலெட்டின் உறைபனிக் கண்ணாடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். இப்போது எஸ்எல்ஆர் வழியாக ஐசோலெட்டின் லென்ஸுக்குள் நேருக்கு நேர் பாருங்கள். அந்தக் குறி கூர்மையாகத் தெரியும் இடமே முடிவிலி. மேகமூட்டமோ தூரக் காட்சி இல்லாத அறையோ ஒரு தடை இல்லை.

இந்தச் சோதனையின்போதே கண்ணாடியின் நாலு மூலைகளையும் பாருங்கள். எஃப் 4.5-இல் ஃபிலிம் தளம் முன்னும் பின்னும் தாங்கும் பிழை கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எஃப் 11-இல் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், லென்ஸைத் தாங்கும் கால்கள் வளைந்திருக்கின்றன. யாரோ மடக்கும்போது தாழைத் தட்டாமல் அழுத்தியிருப்பார்கள். லேசான வளைவை விரலால் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் அந்தக் கேமராவை எஃப் 8, எஃப் 11-க்கு மட்டும் ஒதுக்கிக்கொள்வதே நியாயம்.

ஷட்டர். வேரியோ, புரொண்டோ ஷட்டர்களில் மிக மெதுவான வேகமே 1/25 நொடி. கோளாறு குறைவு, சுத்தம் செய்வது எளிது. புரொண்டார் வகையில் 1 நொடியிலிருந்து தொடங்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பற்சக்கரத் தொகுதி உண்டு, காய்ந்த எண்ணெயில் சிக்குவது அதுதான். விலையுயர்ந்த மாடல்களில் காம்பூர் ராப்பிட், சின்க்ரோ காம்பூர் வரும், அவற்றில் உச்ச வேகம் 1/500. காம்பூரில் அந்த உச்ச வேகத்தைக் காக் செய்யும் (நெம்புகோலை இழுத்து ஷட்டரைத் தயாராக்கும்) முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கென்று தனி ஸ்பிரிங் இருக்கிறது. செல்ஃப் டைமரை, அதாவது ‘வி’ நிலையை, எந்த மாடலிலும் தொடாதீர்கள். பாதி வழியில் அது நின்றால் ஷட்டர் முழுதுமே பூட்டிக்கொள்ளும்.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் மாடல்களில் மேல் பொத்தான் அழுந்தவில்லை என்றால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஃபிலிம் நகர்ந்தால்தான் பூட்டு விடும். ஃபிலிம் இல்லாமல் சோதிக்கும்போது, காக் செய்துவிட்டு ஷட்டரின் ஓரத்தில் இருக்கும் ரிலீஸ் நெம்புகோலை விரலால் தள்ளுங்கள்.

லென்ஸ் கூடுகள் ஏற்கெனவே வெளியே இருப்பதால் ஷட்டரைச் சுத்தம் செய்ய இதுவே நேரம். முகப்புத் தகட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி, வேக வளையத்தைத் தூக்குங்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த முளை எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. பற்சக்கரத் தொகுதியில் லைட்டர் ஃப்ளூயிட்டை இரண்டு சொட்டு விட்டு, இயக்கி, ஒற்றுத்தாளால் எடுத்து, தாள் கறைபடாமல் வரும் வரை திரும்பச் செய்யுங்கள். இதழ்களில் எண்ணெய் எப்போதும் கூடாது. மெல்லிய படலம்கூட அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். காய்ந்த பின் இதழ்களில் ஈர மினுமினுப்பு தெரிந்தால் இன்னொரு முறை கழுவுங்கள். பற்சக்கர அச்சுகளுக்குக் கடிகார எண்ணெய் ஊசிமுனை அளவு போதும், பலருக்கு அதுவும் தேவைப்படாது. லைட்டர் ஃப்ளூயிட் சட்டென்று தீப்பற்றும், அருகில் சுடரும் ஹேர் டிரையரும் இருக்கவே கூடாது.

வேகத்தை அளக்க ஃபோனின் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் போதுமானது. 1 நொடிக்கு 240 ஃபிரேம், அரை நொடிக்கு 120, 1/25-க்குப் பத்து வர வேண்டும். 1/50-க்கு மேலே ஃபிரேம்கள் மிகக் குறைவு, அங்கே கணிப்பு பொய்க்கும். உச்ச வேகம் 1/300 என்று எழுதியிருந்தாலும், வயதான ஷட்டர் 1/200 அளவில் ஓடுவதே வழக்கம். நெகடிவ் ஃபிலிமுக்கு அது ஒரு குறையே இல்லை. ஸ்லைடு ஃபிலிம் போடுபவர்கள் மட்டும் ஒளிமானியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நோய், துருத்தி. அக்ஃபாவின் துருத்தி தோல் அல்ல. பூச்சுப் பூசிய துணி. மடிப்பு மூலைகளில் பூச்சு உதிர்ந்து ஊசித் துளைகள் விழும். அறையை முழு இருட்டாக்கி, கண் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து, சிறு எல்இடி டார்ச்சைக் கேமராவின் பின்பக்கமாக உள்ளே விட்டு, துருத்தியைச் சுற்றிலும் பாருங்கள். ஒரே கோணத்தில் பார்த்தால் தப்பும். டார்ச்சை ஒவ்வொரு மூலைக்கும் நகர்த்தி, லென்ஸைச் சற்றே அசைத்துப் பாருங்கள். மூலை மூலையாக நட்சத்திரங்கள் தெரியும்.

இரண்டு மூன்று துளைகளே என்றால் திரவ மின்காப்பு ரப்பரையோ துணிக்கான கறுப்புப் பெயின்ட்டையோ உட்புறமாகப் பூசி, துருத்தியை விரித்த நிலையிலேயே முழுதாகக் காய விடலாம். இது தற்காலிகத் தீர்வு என்பதில் சந்தேகம் வேண்டாம். ஐசோலெட்டில் ஒரு மூலை விட்டால் மற்றவையும் வரிசையாக விடும், ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு புதுத் துளை. தடிமனாகப் பூசினால் துருத்தி மடங்காமல் முட்டி, கால்களை வளைக்கும். எனவே எங்கள் பரிந்துரை, மாற்றுத் துருத்தி.

ஐசோலெட்டுக்கென்று ஆர்டரின் பேரில் துருத்தி செய்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும் முன் முன் சட்டம், பின் சட்டம் இரண்டின் உள் அளவுகளையும் மடிப்புகளின் எண்ணிக்கையையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது, ஷட்டரைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் வளையத்தை இரட்டை முனை லென்ஸ் ஸ்பேனரால் கழற்ற வேண்டும். திருப்புளியால் நெம்பினால் அது நழுவிப் பின் கண்ணாடியைக் கீறும். பழைய பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, புதியதை முதலில் ஒட்டாமலே பொருத்தி, கேமராவை மெதுவாக மூடிப் பாருங்கள். மடிப்புகள் தாமாக உள்ளே படிய வேண்டும். படிந்தால் மட்டும் கான்டாக்ட் பசை. முன் சட்டம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் துருத்தி தொய்ந்து, படத்தின் ஒரு ஓரத்தைக் கறுப்பாக வெட்டும். முடிந்ததும் மறுபடி இருட்டறைச் சோதனை.

ஒப்பிட்டுச் சொன்னால், அதே காலத்து ட்ஸைஸ் இகான் நெட்டார் கேமராக்களில் துருத்தி பெரும்பாலும் இன்னும் ஒளி காக்கிறது, ஃபோகஸ் மரையும் இப்படி இறுகுவதில்லை. இரண்டும் வீட்டில் இருந்தால் நெட்டாரை முதலில் எடுங்கள். ஐசோலெட்டின் பலம் பிரித்துப் பூட்டும் எளிமையில் இருக்கிறது. மறைந்த கொக்கிகள் கிட்டத்தட்ட இல்லை. முதல் முறை பழுது பார்ப்பவருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது கடினம்.

மூன்றாம் மாடலின் மேல்மூடியைத் திறப்பவர்கள் ரேஞ்ச்ஃபைண்டரின் பாதி ஒளிபுகும் கண்ணாடியைப் பஞ்சால் தேய்த்துவிடாதீர்கள். அதன் பூச்சு ஒரே தடவலில் போய்விடும். ஊதுகுழல் மட்டும் போதும்.

பயன்படுத்தும்போது சில விஷயங்கள். கேமராவைப் பொத்தான் அழுத்திப் பட்டென்று திறக்க விடாதீர்கள். விரலால் தடுத்து மெதுவாகத் திறவுங்கள். துருத்தி விரியும் வேகத்தில் காற்றை உறிஞ்சி, ஃபிலிமைத் தளத்திலிருந்து முன்னால் இழுக்கும். இதே காரணத்தால் அடுத்த படத்துக்குச் சுற்றுவதும் கேமராவைத் திறந்த பின்தான். இந்த ஒரு பழக்கம் கூர்மையில் காட்டும் வித்தியாசம், அக்னாருக்கும் அப்போட்டாருக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

சிவப்புச் சாளரம், சிவப்பொளியை உணராத பழைய ஃபிலிம்களின் காலத்து ஏற்பாடு. இன்றைய பான்குரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பையும் உணரும். சாளரத்தின் மேல் கறுப்பு நாடா ஒட்டி, நிழலில் நின்று சுற்றும்போது மட்டும் தூக்குங்கள். ஒளியுணர்வு அதிகமான ஐஎஸ்ஓ 400 என்றால் இது கட்டாயம்.

85 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து 13 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 6.5 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மை. எஃப் 16-இல் 9 மீட்டரில் வைத்தால் 4.5 மீட்டரிலிருந்து. தெருக்காட்சிக்கு இதை வைத்துவிட்டு மறந்துவிடலாம். எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் என்றால் ‘எக்ஸ்’ நிலை மட்டுமே. ‘எம்’ பழைய பல்புகளுக்கானது, அதில் வைத்தால் ஃப்ளாஷ் எரிந்து முடிந்த பிறகே இதழ்கள் திறக்கும்.

முதல் ரோலை ஐஎஸ்ஓ 100 கறுப்பு வெள்ளையாகப் போட்டு, சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். முதல் மூன்று படம் முடிவிலியில், முழுத் திறப்பு, எஃப் 8, எஃப் 16. அடுத்த மூன்று 2 மீட்டரில், அளவு நாடா வைத்து அளந்து. அடுத்த மூன்று ஒரே காட்சி, 1/25, 1/100, உச்ச வேகம், அபெர்ச்சரை ஈடுகட்டி. இந்த மூன்று நெகடிவும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் சரி. பத்தாவது படத்துக்குச் சுற்றிவிட்டு, லென்ஸை மூடி, துருத்தி வெயிலில் படும்படி பத்து நிமிடம் திறந்து வையுங்கள், பிறகுதான் படம் எடுங்கள். அந்த ஒன்றில் மட்டும் மங்கல் பட்டை தெரிந்தால் துருத்தியில் இன்னும் துளை இருக்கிறது. எல்லாப் படங்களிலும் வட்டப் புகை தெரிந்தால் அது சிவப்புச் சாளரத்தின் வேலை. மீதி இரண்டும் உங்கள் விருப்பம்.